ஆமையின் முதுகில் ஒரு வெதுவெதுப்பு

என் குழாய்க்காரருக்கு,

இங்கே எல்லோரும் வியர்வையும் சுகமுமாக இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த விண்பாறையின் மறைவில் கப்பல்கள் ஒதுங்கியதுமே தபால்காரர் தன் சின்னப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஆமைக்குத்தான் மொதல்ல போறேன். வீட்டுக்காரருக்கு ஏதாவது இருந்தா சட்டுன்னு குடுங்கம்மா, விட்டா அடுத்த பாறைதான்" என்று அவசரப்படுத்தினார். எழுதி முடிக்கும்வரை டீ குடியுங்கள் என்று உட்கார வைத்திருக்கிறேன். இரண்டாவது டீயில் இருக்கிறார்.

உங்கள் கப்பலுக்கு நாங்கள் ஆமை என்று பெயர் வைத்ததில் உங்கள் சமையல்காரருக்குக் கோபமாமே. வரிசையில் கடைசியாக வருவதால் எங்களை எல்லோரும் கடைக்குட்டி என்கிறார்கள். நாங்கள் என்ன கோபித்துக்கொண்டோமா? இருக்கிற ஒரே பொழுதுபோக்கு பட்டப்பெயர் வைப்பதுதான், அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அலுப்பாக இருக்கிறது. பயம் எல்லாம் முதல் சில வாரங்களிலேயே தீர்ந்துவிட்டது. ரேடியோவைத் தொடக் கூடாது, வெளியே விளக்கு தெரியக் கூடாது, கப்பலின் சூடு கசியக் கூடாது என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். நாம் புறப்பட்டதே நம் ஊரில் யாருக்கும் தெரியாது. எதிரியின் எல்லைக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டது எதிரிக்கும் தெரியாது. ஆனால் வெளியே விடாத சூடு எங்கே போகும்? தொட்டிகளில் சேர்த்துச் சேர்த்து வைக்கிறோம், கப்பலே காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி கொதிக்கிறது. சுவரில் சாய்ந்தால் சட்டை ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒரு பாறையின் பின்னால் ஒளியும்போதுதான் சூட்டைத் திறந்து விடுகிறோம். அந்த முதல் குளிர்ந்த காற்று வரும்போது பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் நடைபாதையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்க வேண்டுமே.

பாப்பாவைப் பற்றி யோசிக்காத வேளை இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பாப்பா என்று எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். புறப்படும் முன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடிதங்கள் இந்நேரம் தீரும் தறுவாயில் இருக்கும். ஏதோ சுரங்கத்தில் ஒப்பந்த வேலை, நல்ல சாப்பாடு, மழை அதிகம் என்று எவ்வளவு பொய்! உங்கள் கடிதங்கள் எல்லாம் இரண்டு வரி. "நல்லா இருக்கோம். நல்லா படி." உங்களை அறிந்தவள் என்பதால் அதில் சந்தேகப்பட மாட்டாள். என் கடிதங்களில்தான் வளவளவென்று எழுதி மாட்டிக்கொண்டேனோ என்று பயம். உங்கள் அக்கா அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வார். கண்டிப்பும் கொஞ்சம் அதிகமாக இருக்கும். இருக்கட்டும்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். எப்படி இருக்கும் என்று சொன்னதில்லை. சூடு காட்டும் திரையின் முன்னால் உட்கார்ந்து, முன்னால் போகும் நம் கப்பல்களை எதிரி பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். கப்பலின் வெளித்தோல் குளிர்ந்திருந்தால் திரையில் ஒன்றுமே இருக்காது. "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கப்பல். எங்கள் காவல் அறையின் தலைவி முன்பு பள்ளியில் பாடம் எடுத்தவர், அதனால் அவர் டீச்சரம்மா. "ஒண்ணுமில்லாததப் பாக்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளுங்க நாமதான்" என்பார்.

போன பாறையைத் தாண்டியதிலிருந்து ஆமையின் முதுகில் ஒரு வெதுவெதுப்பு தெரிகிறது. உள்ளங்கை அளவு. உங்கள் படுக்கை இருக்கும் பக்கம். எப்போது பார்த்தாலும் அதே இடத்தில்.

யார் வேலை என்று எனக்குத் தெரியாதா? பிரியும்போது என்ன சொன்னீர்கள்? "நீ அங்கேருந்து பாத்துக்கிட்டேதான இருக்கப்போற, ஏதாவது பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வேலை முடிந்து வரும் நாட்களில் என் பக்கத்துப் படுக்கையில் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலச் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவீர்களே, அந்த ஆள்தானே நீங்கள். வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திருப்பிவிட்டுத் தோலோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் முறை பார்த்தபோது திரையைத் தொட்டுப் பார்த்தேன். இத்தனை அலுப்பிலும் உள்ளுக்குள் ஏதோ இளகியது.

ஆனால் போதும். நான் பார்ப்பதை மற்றவர்களும் பார்ப்பார்கள். அடுத்த பாறையைத் தாண்டினால் இடுக்கு. இரண்டு பக்கமும் அவர்களுடைய காவல் மேடைகள். ஆமையைப் பார்ப்பது என் பங்கு என்பதால், நான் இதுவரை "தெரியவில்லை" என்றுதான் எழுதி வருகிறேன். எழுதினால் உங்களைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தது, போதும்.

தபால்காரர் எழுந்துவிட்டார். சாப்பாட்டை ஆறவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

என் குழாய்க்காரருக்கு,

உங்கள் பதில் இப்போதுதான் கைக்கு வந்தது. போன பாறையிலேயே எழுதிவிட்டீர்கள். ஆனால் தபால்காரர் திரும்புவதற்குள் வரிசை கிளம்பிவிட்டது. இத்தனை நாளும் அது அவருடைய பையில் தூங்கியிருக்கிறது. அத்தனை நாளும் நான் உங்கள்மீது எரிச்சலோடு இருந்தேன். சொல்லியும் கேட்கவில்லையே, வீட்டில்தான் பிடிவாதம் என்றால் இங்கேயுமா என்று. வெதுவெதுப்பு கொஞ்சம் விரிந்து பரவியபோதுகூட, என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. "நான் ஒன்றும் செய்யவில்லை. ஏதாவது செய்கிறேன் என்று சொன்னதே நீ எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வேலையில் மறந்தே போனேன், மன்னித்துவிடு." இதற்கு மன்னிப்பு கேட்கிறீர்கள்! அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் என்னை உட்கார வைத்தது. கசிவுதான் என்று உடனே புரிந்துகொண்டீர்கள். உங்கள் கேப்டனிடம் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். என் பெயர் வரும். பார்த்தும் எழுதாமல் விட்டவள் என்று என்னைப் பிடிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லாமல் நீங்களே தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் உங்களைக் காப்பாற்ற வாயை மூடினேன். நீங்கள் என்னைக் காப்பாற்ற வாயை மூடினீர்கள். நடுவில் ஒரு கப்பல் ஆட்கள் முதுகில் விளக்கை ஏற்றிக்கொண்டு எதிரியின் வாசல்வரை வந்துவிட்டார்கள். இப்படி ஒரு தம்பதியை எங்கே தேடிப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை.

கடிதத்தை மடித்ததும் நேராக டீச்சரம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெந்நீர்ப் பை உட்பட. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "கட்டினவர் முன்னாடி கப்பல்ல, பொண்டாட்டி பின்னாடி நாற்காலியில. இது சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்" என்றார். பிறகு, "உன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் நெனச்சிருப்பேன். ஆனா அத வெளிய சொல்லிறாத" என்றார். தன் வீட்டுக்காரர் வெந்நீர்ப் பை வைக்கிற ஜாதி இல்லை, அதனால் தான் தப்பித்ததாகவும் சேர்த்துக்கொண்டார்.

மேலிடத்தில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். தண்டனை ஊருக்குத் திரும்பிய பிறகாம். ஊருக்குத் திரும்புவோம் என்று அவர்கள் வாயிலிருந்து வந்தது இதுவே முதல் முறை என்பதால் எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. காவலிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்டேன். டீச்சரம்மா மறுத்துவிட்டார். ஆமையின் தோலை அவளைப் போலப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, அவளே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். அது எனக்குத் தந்த தண்டனையா மரியாதையா என்று இன்னும் விளங்கவில்லை.

தீர்மானம் இது. உங்கள் கேப்டனுக்கும் இந்நேரம் சேதி வந்திருக்கும். இந்தப் பாறையின் மறைவில் எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நேரம் இருப்போம். பாறை சுழன்று மறைவு விலகினால் கிளம்பியாக வேண்டும். அதற்குள் கசிவை அடைத்து, வெளியிலிருந்து பார்த்து "தெரியவில்லை" என்று எழுதிவிட்டால் ஆமை நம்மோடு இடுக்கில் வரும். இல்லையென்றால் வரிசையை விட்டு விலகிச் சுற்றுவழியில் தனியாகப் போக வேண்டும். அந்தப் பக்கம் காவல் கிடையாது என்கிறார்கள். ஏன் கிடையாது என்று கேட்டேன். இங்கே பழைய ஆள் ஒருவர்தான் சொன்னார்: நெடுந்தூரம், ஒதுங்குவதற்கு ஒரு பாறைகூட இல்லை, சூட்டைச் சேர்க்காமலிருக்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்று.

அதனால் கவனமாகப் படியுங்கள். உங்கள் படுக்கை இருக்கும் பக்கம் என்று போன கடிதத்தில் எழுதினேன். அது என் மனசு சொன்ன இடம். அங்கேயே தேடி நாட்களை வீணாக்கியிருப்பீர்கள். இப்போது திரை சொல்லும் இடத்தை எழுதுகிறேன். உங்கள் படுக்கையிலிருந்து பின்பக்கமாகப் போனால் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டியதும் வெளித்தோலின் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு. விரித்து வைத்த கை போல இருக்கிறது. கட்டைவிரல் கப்பலின் முன்பக்கம் பார்க்கிறது, மணிக்கட்டுப் பக்கம்தான் அதிகச் சூடு. உள்ளே சூட்டைத் தடுக்கும் பஞ்சுப் பொதி நழுவியிருக்கும் என்று டீச்சரம்மா நினைக்கிறார். உங்களுக்கு நான் குழாய் வேலை சொல்லித்தருவதாக இல்லை. இரண்டு தோலுக்கும் நடுவே இருக்கும் சந்தில் நீங்கள்தான் நுழைவீர்கள் என்று தெரியும். வேறு யாரையும் அனுப்ப உங்களுக்கு மனசு வராது. தோள்பட்டை வலியை மறக்காதீர்கள். ஒரு கையால் தொங்காதீர்கள்.

அடைத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். "தெரியவில்லை" என்று நான் உண்மையாக எழுதும்படி செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

என் குழாய்க்காரருக்கு,

தபால்காரர் இந்த முறை டீ வேண்டாம் என்றுவிட்டார். "நீங்க எழுதுங்கம்மா, நான் வெளிய நிக்கிறேன்" என்று கதவருகே நிற்கிறார். அவருக்கும் தெரியும். இங்கே எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இடம் விடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் பார்த்த வேலையை நான் பார்த்தேன். நேரில் அல்ல, இங்கிருந்து. கை விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. முதலில் சுண்டுவிரல், அப்புறம் மற்றவை. கட்டைவிரல் போனபோது டீச்சரம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். பக்கத்து நாற்காலி இருமல்காரர் இருமக்கூட மறந்துவிட்டார். நீங்கள் அந்தச் சந்துக்குள் எங்கே படுத்திருக்கிறீர்கள், எந்தப் பொதியைத் திணிக்கிறீர்கள் என்று என்னால் சொல்ல முடிந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் உங்கள் வேலையை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

கடைசியில் மணிக்கட்டு இருந்த இடத்தில் ஒரு புள்ளி மிஞ்சியது. நகக்கண் அளவுகூட இல்லை. மறைவு விலகத் தொடங்கியிருந்தது. இருமல்காரர் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியல. இவருக்கும் தெரியல. உனக்கு எப்படி? நல்லா யோசிச்சுச் சொல்லு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்மேல் வருத்தம் வேண்டாம்.

நான் யோசித்தேன். நம்மைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன், வேறு யாரைப் பற்றியும் இல்லை. இடுக்கைத் தாண்டினால் அடுத்த ஒதுங்குமிடத்தில் உங்களை ஒருமுறை நேரில் பார்க்க அனுமதி கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. அப்புறம் அந்தக் காவல் மேடைகளை நினைத்தேன். அங்கேயும் ஒரு அறை இருக்கும். வியர்வை நாற்றம், ஆறிப்போன டீ, முதுகுவலி. திரையின் முன்னால் என்னைப் போலவே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மாதக்கணக்கில் ஒன்றுமில்லாததைப் பார்த்துப் பார்த்து, நகக்கண் அளவு மாறினாலும் தெரிந்துவிடும் அளவுக்குக் கண் பழகியிருக்கும். டீச்சரம்மாவுக்கும் இருமல்காரருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிகிறதே.

அவள் பார்த்துவிட்டால் உங்கள் கப்பல் முதலில். அதன்பின் வரிசை முழுவதும்.

"தெரிகிறது" என்றேன். டீச்சரம்மா தலையை ஆட்டினார். எழுதுவதற்கு என் கையில் கொடுக்காமல் அவரே எழுதினார்.

இந்தக் கடிதம் வருவதற்குள் உங்கள் கேப்டன் சொல்லியிருப்பார். உங்களுக்குக் கோபம் வந்தால் நியாயம்தான். உயிரைக் கொடுத்து அடைத்துவிட்டு வெளியே வந்த மனிதருக்கு இந்தச் சேதி. சந்திலிருந்து வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டிருப்பீர்கள், கையில் இதைக் கொடுத்திருப்பார்கள். வேலையில் குறை இல்லை. நேரம்தான் போதவில்லை. ஆரம்பத்திலேயே நான் பார்த்ததை எழுதியிருந்தால் அந்த நேரம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இதைச் சொல்லி ஆறுதல் தேடவில்லை. உங்கள் ஆட்கள் யாராவது கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்; உங்கள் கையைக் குறை சொல்ல விடாதீர்கள்.

தபால்காரரிடம் ஒரு பொட்டலம் தந்திருக்கிறேன். பிரித்ததும் சிரிப்பீர்கள். ஆமாம், நம் வீட்டு வெந்நீர்ப் பையேதான். துணிமணிக்கே எடை பார்த்த இடத்தில் இதை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்காதீர்கள். மூடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஒரு குழாய்க்காரருக்கு அது பெரிய விஷயமில்லை. சுற்றுவழியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே கூடத்தில் சேர்ந்து படுப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் வெந்துகொண்டிருப்போம், நீங்கள் நடுங்கிக்கொண்டிருப்பீர்கள். பையைச் சுவரோரம் வைக்காதீர்கள். தோலுக்குப் பக்கத்தில் எந்தச் சூடும் வேண்டாம். காலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரருக்கும் ஒரு முறை கொடுங்கள், ஆமை என்று சொன்னதற்கு நான் மன்னிப்பு கேட்டதாகவும் சொல்லுங்கள். பொட்டலத்தில் இருக்கும் இரண்டு ஜோடி காலுறையும் என்னுடையதுதான். சின்னதாக இருக்கும். இழுத்து மாட்டுங்கள்.

ஒரே வீட்டு ஆட்களை ஒரே கப்பலில் போடக் கூடாது என்று நம் மேலிடத்தார் சட்டம் சொன்னபோது, கல்நெஞ்சக்காரர்கள் என்று நீங்கள் திட்டினீர்கள். ஒரு கப்பல் போனாலும் வீட்டுக்கு ஒருவராவது மிஞ்சட்டும் என்ற காரணத்தை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன், உங்களிடம் சொல்லவில்லை. நம்மில் யார் முதலில் ஊர் போய்ச் சேர்ந்தாலும் பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சுரங்கம், மழை எல்லாம் பொய் என்று. நீங்கள் சொல்வதானால் இரண்டு வரியில் முடிக்காமல் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். அந்த வெதுவெதுப்பைப் பற்றி அவளிடம் சொல்லும்போது, அம்மா அதை அப்பா என்று நினைத்துக்கொண்டாள் என்று சொல்லுங்கள். அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

இனி ஒவ்வொரு முறை நாற்காலியில் உட்காரும்போதும் நீங்கள் போகும் திசையைப் பார்ப்பேன். பார்க்க வேண்டும் என்று உத்தரவும் இருக்கிறது. இத்தனை நாளும் அந்தத் திரையில் உங்களைத் தேடினேன். இனி அங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது. "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவேன்.

தபால்காரர் கதவை மெல்லத் தட்டுகிறார்.

நல்லபடியாகப் போய் வாருங்கள். சாப்பாட்டை ஆறவிடாதீர்கள். யார் கண்ணிலும் படாமல், என் கண்ணிலும் படாமல், வீடு வந்து சேருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி